பலாச் சீவலும் தேயிலைத் தூளும்: ஃப்ளை இறகுக்குச் சாயம் போட்டுப் பார்த்தது

1880களில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டார்கள். அதோடு ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டும் பழக்கமும் மலையேறி வந்தது. அந்தக் காலத்துச் சீமை ட்ரவுட் ஃப்ளைகள் பலவும் மங்கல் நிறம்தான்: சாம்பல், தேன், பாசி. கடையில் வரும் சாயமிட்ட இறகு பளீரென்று இருக்கிறது, விலையும் கை சுடுகிறது. சரி, நம்ம பக்கத்தில் கிடைப்பதை வைத்தே அந்த நிறங்களை எடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

கறிக்கோழிக் கடை இறகு உதவாது. சில வாரக் குஞ்சுக்கு நீண்ட கழுத்து இறகு வந்திருக்காது. வயசான வெள்ளை நாட்டுச் சேவல்தான் வேண்டும். காட்டுக்கோழி இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பக்கமே போகவேண்டாம். அது இலங்கையின் தேசியப் பறவை, சட்டம் காக்கிற பறவை.

இறகையும், ஃப்ளையின் உடம்புக்குச் சுற்றும் முயல் மயிரையும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து எண்ணெய்ப் பசை போக அலசினேன். பசை இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். அப்புறம் சாயம் நன்றாகப் பிடிக்க, 10 கிராம் இறகுக்கு 1 கிராம் படிகாரம், சுடுநீரில் கரைத்து இரவு முழுக்க ஊறல். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதுவும் இறகுக்கு அதிகம்தான். நான் 70ஐத் தாண்டவிடவில்லை.

முதலில் பலா. பன்சலைப் பிக்குமாரின் சீவரத்துக்கு (காவியுடைக்கு) காலங்காலமாகப் பலா மரத்தின் வைரக் கட்டையை அவித்துத்தான் சாயம் எடுத்தார்கள். தச்சுப் பட்டறையில் ஒரு பை சீவல் சும்மாவே தந்தார்கள். அவித்து வடித்த நீரில் படிகார இறகு நல்ல தேன் மஞ்சளாக வந்தது. துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறப்போட்டு எடுத்த நீரில் சில துளி விட்டதும் மஞ்சள் இறங்கிப் பாசி நிறமானது. கடைச் சாயத்தில் இந்தப் பாசியை நான் பார்த்ததே இல்லை.

தேயிலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தூளைக் கடுஞ்சாயமாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இறகைப் போட்டால் வெறும் காவிதான். அதே இறகை ஆணி நீரில் தோய்த்ததும் கண் முன்னால் சாம்பலாக மாறுகிறது, ஓரத்தில் லேசாக நீலம் தட்டுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுத்தண்டு வெளுப்பாகவும் இழை நுனிகள் கருத்தும் தெரிகின்றன. 'ப்ளூ டன்' என்று பழைய ஆட்கள் தேடி அலைந்த நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆணி நீர் இறகில் தங்கினால் இழை முறுமுறுத்து உடையும். அதனால் தாராளமாக அலச வேண்டும். காயப்போடும்போது பக்கத்து லயத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, கோழி போன பெறகு ரெக்கைக்குத் தேத்தண்ணி ஊத்துறியா?" என்றார்.

மஞ்சள் தூளைச் சாயக்காரர்கள் மதிப்பதில்லை. வெயிலில் வெளுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஃப்ளை பெட்டிக்குள் இருட்டில் கிடக்கிற சாமான். சட்டை மாதிரி நாள் முழுக்க வெயிலில் காயப் போவதில்லை. முயல் மயிருக்கு மஞ்சள் அருமையாகப் பிடித்தது, படிகாரம்கூடத் தேவைப்படவில்லை. சாயம் போட்ட பிறகு சவுக்காரம் மட்டும் படக்கூடாது, பட்டால் சிவந்துவிடும்.

நிறத்தைக் காய்ந்த இறகில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மீனுக்குத் தெரிவது நனைந்த நிறம். மயிரை உருட்டி நூலில் சுற்றி, கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் போட்டு, ஜன்னல் பக்கம் தூக்கிக் கீழிருந்து பார்க்கிறேன். காய்ந்தபோது அழகாக இருந்த பலா மஞ்சள் நனைந்ததும் ஒரு படி கருத்துவிடுகிறது. அதனால் சட்டியிலிருந்து கொஞ்சம் வெளிறலாகவே எடுத்துவிடுகிறேன். பலா மயிரையும் தேயிலைச் சாம்பல் மயிரையும் விரலில் கலந்தால் வரும் பாசி, சட்டியில் வந்ததைவிட உயிரோட்டமாக இருக்கிறது. ஒவ்வொரு இழையும் தனி நிறம் அல்லவா.

மூடுபனிக் காலத்தில் காயவைப்பதுதான் பெரிய பாடு. தினசரித் தாளில் பரப்பி அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிறேன். ஈரம் தங்கினால் பூஞ்சணம், காய்ந்தால் அந்துப்பூச்சி, அதற்குக் கற்பூரம்.

இப்போது ஆயுர்வேதக் கடையில் வாங்கிய பதங்கிக் கட்டை (சிவப்புச் சாயம் தரும் மரம்) ஊறுகிறது. வினாகிரி விட்டால் செம்மஞ்சள், சலவைச் சோடா பட்டால் கருஞ்சிவப்பு. சோடா இறகைக் கெடுக்கும் என்பதால் படிகாரத்தோடு நிறுத்தி என்ன சிவப்பு வருகிறதென்று பார்க்கப் போகிறேன்.