ஆந்தைக்கு வீடு இல்லாத தோட்டம்

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் நாங்கள் இருந்த செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. உதிர்ந்த பழத்தைத் தின்று கொழுத்திருக்கும். மட்டைக் குவியலைக் காலால் தட்டினால் நாலைந்து தெறித்து ஓடும். ஒரு ஹெக்டரில் சில நூறு எலிகள் இருக்கும் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

இவ்வளவு இரை கிடந்தும் ஆந்தையைக் காணோம்.

அப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் தோட்ட நிர்வாகியான துரை அவரைக் கூப்பிட்டு, பலகையில் ஆந்தைப் பெட்டிகள் செய்யச் சொன்னார். லயத்துப் பாட்டிகளுக்குக் கோபம். "சாவுக்குருவிக்கா வீடு கட்டுறே?" என்று ஒரு பாட்டி வாசலில் நின்று திட்டியது நினைவிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி நிறுத்தினார். சில மாதத்தில் முதல் ஜோடி குடிவந்துவிட்டது.

அந்த ஆந்தையின் பெயர் வெண்கூகை. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்தோ கூரையின் இருட்டு மூலையோ கிடைத்தால்தான் முட்டையிடும். வரிசையாக நட்ட செம்பனையில் பொந்து ஏது? மலாயா தீபகற்பத்தில் அது குஞ்சு பொரித்த முதல் பதிவே 1968இல்தான், ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். இரை குறைந்தால் உயிர்களின் எண்ணிக்கை குறையும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். அது சரிதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் சோறு மலைபோல் கிடந்தது, ஆந்தையைத் தடுத்தது ஓர் இருட்டு மூலை இல்லாத குறை. எது மிகக் குறைவோ அதுதான் கடிவாளத்தைப் பிடிக்கிறது.

ஒருமுறை அப்பா என்னை ஏணியில் ஏற்றிக் காட்டினார். குமட்டும் நாற்றம். உள்ளிருந்து குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சீற்றம். ஐந்து குஞ்சுகள், படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சிறிது. மூத்ததற்கு முகத்தட்டில் வெள்ளை இறகு வந்துவிட்டது, கடைக்குட்டியோ வெறும் பஞ்சு உருண்டை. தாய் முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும், மற்றவற்றை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும். அதனால்தான் இந்த வரிசை. எலி நிறையக் கிடைத்தால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் பெரியவை பிடுங்கித் தின்ன, கடைக்குட்டி பட்டினியில் சாகும். அடுத்த முறை ஏறியபோது நான்குதான் இருந்தன. நான் அழுதேன். பெட்டி கிடைத்த பிறகு கடிவாளம் எலியின் கைக்குப் போய்விட்டது என்று இப்போது புரிகிறது. ஆந்தைக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும். ஆனால் எலி குறையக் குறைய ஆந்தையும் குறைந்துவிடும்.

அப்புறம் விஷம் வந்தது. பழைய எலி மருந்தான வார்ஃபரினை எலி பல நாள் தின்றால்தான் சாகும். புரோடிஃபாகும் போன்ற புதியவற்றுக்கு ஒரு வேளை போதும். தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும், ஆந்தைக்கு அதுதான் சுலபமான இரை. விஷம் எலியின் ஈரலிலிருந்து ஆந்தையின் ஈரலுக்குப் போகும். பக்கத்துத் தோட்டத்தில் அதை வைத்த மாதம், எங்கள் மூன்றாம் பெட்டியின் அடியில் தாய்ப்பறவை இறக்கை விரித்துக் கிடந்தது. அலகில் ரத்தம். பெட்டி இருந்தது, எலி இருந்தது, ஆந்தை இல்லை. இன்றைக்கும் அந்த மருந்துப் பொட்டலத்தைக் கடையில் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் அப்பாவைக் கெப்பாலா பத்தாஸ் வயல் பக்கம் கூட்டிப் போனேன். வரப்போரம் ஓர் ஆந்தைப் பெட்டி. அப்பா காரை நிறுத்தச் சொல்லி, வெயிலில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை பெயர்ந்திருக்கு, மா. மழைத்தண்ணி உள்ள இறங்கும். எப்படி முட்டை வைக்கும்?"

வயல்காரரிடம் பேசிவிட்டோம். வரும் ஞாயிற்றுக்கிழமை தகரத் துண்டும் ஆணியும் எடுத்துக்கொண்டு போகிறோம். ஏணி அவர் தருகிறார்.