கடைசி மாத்திரை

மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்களில், இனி குணமாக வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் செவிலியர் நான். புண் கட்டவும் மூக்குக் குழாய் மாற்றவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வீட்டு மனிதர்களிடம் என்ன பேசுவது என்பதை ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு விவசாயி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன்: பாதம் சில்லிட்டிருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. இரண்டொரு நாள் தாங்கினால் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. வாசல்வரை வந்த அவர் மனைவி, "எப்படித் தாயி இருக்காரு?" என்று கேட்டார். "பாப்போம்மா, திங்கக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி அவர் தொண்டையில் கரகரவென்று சத்தம் கிளம்பியிருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று பதறி, ஆம்புலன்ஸை வரவழைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. வெளியில் இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. தான் கட்டிய வீட்டுக்கு எதிரே, தெருவில் பந்தல் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுலயே வச்சிருப்பேனே தாயி" என்று மட்டும்தான் அந்த அம்மா சொன்னார். அவர் என்னைத் திட்டவில்லை. பன்னிரண்டு வருடமாகியும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது என் கை நடுங்குகிறது.

இப்போது நான் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து, நிதானமாக, கேட்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு. "மூச்சு வேகமா வரும், அப்புறம் நின்ன மாதிரி இருக்கும், கொஞ்ச நேரங்கழிச்சு திரும்ப வரும். தொண்டையில சத்தம் கேக்கும். எச்சிலை முழுங்கத் தெம்பில்லாம அது தேங்கி நிக்கிறதால வர்ற சத்தம்மா அது. பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எனக்குப் போன் பண்ணுங்க." அழுகிறார்கள். ஆனால் அன்று ராத்திரி பதறி ஓடுவதில்லை.

சாப்பாட்டுப் பேச்சுதான் இன்னும் கடினம். "ஒரு பாட்டிலாவது ஏத்துங்க சிஸ்டர், பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஊரு பேசும்" என்பார்கள். உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஏற்றும் குளுக்கோஸ் பல சமயம் கைகால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் நிற்கும். இதை ஒருமுறை சொன்னால் போதாது. மாமியாருக்கு, மருமகளுக்கு, போனில் கூப்பிடும் வெளிநாட்டு மகனுக்கு என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும். தூரத்தில் இருக்கிற மகனின் தவிப்பு தனி. "ஐசியூல சேருங்க" என்று அவன் கத்துவது கோபத்தால் இல்லை. போனை அப்பா காதருகில் வைத்து, "பேசுங்க தம்பி, கேக்கும்" என்பேன்.

பால் ஊற்றுவதை முன்பெல்லாம் தடுத்துச் சண்டை போட்டிருக்கிறேன். விழுங்க முடியாதவர் வாயில் பால் விட்டால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது உண்மைதான். இப்போது பஞ்சைப் பாலில் நனைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொருவராக வந்து உதட்டில் தொட்டு வைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள்கூட.

போன வருடம் ஒரு பெண், இருபத்து மூன்று வயது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பவேண்டாம் என்பதற்காக 10 மணிக்கு மட்டும் இரட்டை மாத்திரை. விழுங்க முடியாதபோது நசுக்கி, சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்துக்குள் தடவக் கற்றுக்கொண்டாள். நேரம் தவறாமல் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போனேன். அப்பா பேசினார், சித்தி பேசினார், அவள் பேசவில்லை. கிளம்பும்போது வண்டிவரை வந்து, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, பத்து மணி மாத்திரையை நான்தானே குடுத்தேன்? அதனாலயா அம்மா போயிட்டாங்க?"

பதினாறு நாளாக இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. பயப்படாமல் எப்படி இருப்பாள்? 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, உரிமக் கெடுபிடிகளில் மருத்துவமனைகளே மார்ஃபினை ஒதுக்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தியும் அந்த அச்சம் முழுதாகப் போகவில்லை. அவள் ஒரு சின்னப் பெண்.

திரும்பி வீட்டுக்குள் போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தோம். மூன்று வாரமாக ஒரே அளவு. கடைசி நாளில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: "3.20. மூச்சு நின்னு நின்னு வருது." மாத்திரை கொடுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் முன்னால். அதை அவள் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினாள். பிறகுதான் அழுதாள், அம்மா போன நாளில்கூட அப்படி அழவில்லை என்று சித்தி சொன்னார்.

அதற்குப் பிறகு, மார்ஃபின் அட்டையை ஒரு வீட்டில் முதன்முதலாகக் கொடுக்கும்போதே சொல்கிறேன்: "இதுல ஏதோ ஒரு மாத்திரைதான் கடைசியா இருக்கும். அதைக் குடுக்கிறவங்க வலியைத்தான் குறைச்சிருப்பாங்க, வேற ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க."

மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணிக் கணக்கெழுதித் திரும்ப வாங்கிப்போக வேண்டும். அன்று அந்தப் பெண்ணிடம் 14 இருந்தன. எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.