ஈறு நோயோடு கிளிப் போட்ட கதை

நாற்பதைத் தாண்டிய பிறகு மேல்வரிசை முன்பற்கள் விசிறியாக விரிந்து இடைவெளி விழுந்தால், அடியில் எலும்பு கரைகிறதா என்று பார்ப்பது நல்லது. எனக்கு அதுதான் நடந்திருந்தது.

முதலில் போன இடத்தில் ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கிளிப்புக்கு முன்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்த மருத்துவர் கிளிப் பேச்சையே எடுக்கவில்லை. அளவு குறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக ஆழம் பார்த்தார். 3 மி.மீ. வரை இயல்பாம். எனக்குச் சில இடங்களில் 6, 7 வந்தது, தொட்டதும் ரத்தம். எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாகவே இறங்கியிருந்தது.

"இப்போ கிளிப் போட்டா பல்லே ஆடிடும்மா" என்றார். கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புதிதாக வளரும். பல் நகர்வதே அப்படித்தான். ஈறு வீங்கி சீழ்பிடித்திருக்கும்போது தள்ளினால் கரைவது முந்திக்கொள்ளும், வளர்வது ஈடுகொடுக்காது.

ஆகவே பல்லில் வேர்வரை கெட்டியாகப் படிந்திருந்த பற்காரையைச் சுரண்டினார்கள். பின்பற்களில் ஈறைத் திறந்தும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வலியைவிட, அதன்பின் பல் கூசியதுதான் பெரும்பாடு. சர்க்கரையும் பார்த்தார்கள், அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சரியாக ஆறாதாம். சில மாதம் காத்திருந்து மறுபடி அளந்து, ரத்தம் நின்ற பிறகுதான் கிளிப்.

அதிலும் மெல்லிய கம்பி, லேசான விசை. எலும்பு குறைந்த பல்லுக்குப் பிடிமானம் கம்மி. வழக்கமான விசை கொடுத்தால் நகராமல் சாய்ந்துவிடும். மாதாமாதம் கம்பி மாற்றினாலும், 3 மாதத்துக்கு ஒருமுறை ஈறு மருத்துவரிடமும் போனேன். பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ் இல்லாமல் ஓர் இரவும் தூங்கவில்லை. சலிப்பான வேலை, ஆனால் முழுச் சிகிச்சையும் அதில்தான் நிற்கிறது என்பேன்.

முடிவில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு பழைய மட்டத்திலேயே இருந்தது. இழந்தது திரும்பி வளரவில்லை, மேற்கொண்டு இறங்கவும் இல்லை. இடைவெளி மூடினாலும் ஈறோரம் கறுப்பாகச் சின்ன முக்கோணங்கள் தெரிகின்றன. ஈறு இறங்கியதன் மிச்சம். பற்கள் மறுபடி விலகாமல் இருக்க உள்பக்கம் ஒட்டிய கம்பியை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.