எச்சரிக்கை இல்லை

நான் வானிலை முன்னறிவிப்பாளர்; தீ பரவ ஏதுவான வானிலைக்கு எச்சரிக்கை வெளியிடுவதும் எங்கள் நிலையத்தின் வேலை. அன்று காலை 9 மணி 10 நிமிடத்துக்கு அங்கே வந்த அந்தத் தொலைபேசி அழைப்பு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. வேலி அமைக்கும் குழு ஒன்றின் மேற்பார்வையாளர் பேசினார். "இன்னைக்கு வெல்டிங் வேலை வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். "எச்சரிக்கை எதுவும் இல்லைங்க. தீ அபாயம் உயர்ந்திருக்கும்னு அறிக்கையில போட்டிருக்கோம். கவனமா இருங்க" என்றேன். "அப்ப சரி சார்" என்று அவர் வைத்துவிட்டார். நான் சொன்ன மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் அவர் காதில் நின்றது முதல் வாக்கியம் மட்டும்தான். அது அப்படித்தான் நிற்கும் என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அது வெப்பமும் வறட்சியும் சேர்ந்து பிடித்த ஆறாம் நாள். விடியற்காலையில் நிலையத்தின் முற்றத்தில் கம்பித் தாங்கியின் மேல் கிடக்கும் பைன் குச்சிகளை எடைபோட்டதும் நான்தான். விரல் பருமனுள்ள நான்கு உருளைக் குச்சிகளை ஒன்றாகப் பிணைத்த எளிய கருவி அது. முற்றிலும் உலர்ந்த நிலையில் 100 கிராம் இருக்கும்படி அதைச் செய்திருப்பார்கள். ஆகவே தராசு 110 காட்டினால் ஈரம் 10 விழுக்காடு என்று கணக்குப் போடாமலே படித்துவிடலாம். அன்று 104 காட்டியது. தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் வைத்துப் பார்த்தேன். 104தான். விரல் பருமன் குச்சி சுற்றியுள்ள காற்றின் வறட்சிக்கு ஈடுகொடுக்க ஏறத்தாழப் பத்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதுவே அந்த நிலையில் இருந்தது என்றால், ஒரு மணி நேரத்திலேயே காய்ந்துவிடும் புல்லின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

வறண்ட நிலத்திலும் இரவு கொஞ்சம் ஈரத்தைத் திருப்பித் தரும். அந்த இரவு தரவில்லை. விடியும்போது ஒப்பு ஈரப்பதம் 24 விழுக்காடுதான் இருந்தது. காற்றில் நீராவியின் அளவு மாறாமல் வெப்பநிலை மட்டும் 11 பாகை செல்சியஸ் ஏறினால் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் மனப்பாடம். அப்படியானால் நண்பகலுக்குள் 12. எச்சரிக்கை வெளியிட எங்களுக்குள்ள விதியோ இரண்டு பாதிகளைக் கொண்டது: ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும், இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். முதல் பாதி ஐயமின்றி நிறைவேறப்போகிறது. காற்று 34 வரைதான் போகும் என்று கணினி மாதிரிகள் காட்டின. ஆக எச்சரிக்கை இல்லை. "தீ அபாயம் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும்" என்ற ஒற்றை வரி மட்டும் அறிக்கையில் இடம்பெற்றது. 34க்கும் 40க்கும் நடுவே கிடக்கும் நாள்களுக்கென்றே வைத்திருக்கும் வரி அது.

அந்த எண்களில் அடங்காத ஒன்றும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வறண்ட நிலத்தில் தீ பரவாமல் பல காலம் தடுப்பது ஈரம் அல்ல, வெறுமைதான். ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் இடையே வெறும் மண் கிடக்கும். தீ அதைத் தாண்ட மாட்டாது. நல்ல மழை பெய்த ஆண்டில் அந்த இடைவெளியெல்லாம் புல் மூடிவிடும், அடுத்த கோடையில் அது காய்ந்து, புதரோடு புதரைத் திரிபோல இணைத்துவிடும். மழை குறைந்ததால் தீ வருகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இங்கே முந்தின ஆண்டு மழை பெய்ததால்தான் தீ வருகிறது. நம்மில் பலருக்கு நல்ல தீவனம் என்ற அளவில் மட்டும் பழக்கமான கொழுக்கட்டைப் புல்லை மேய்ச்சலுக்கென்று ஆஸ்திரேலியாவின் நடுநிலத்திலும் அமெரிக்காவின் சொனோரா பாலையிலும் கொண்டுபோய் விதைத்தார்கள். அந்நிலங்களில் இன்று அதுவே தீயைச் சுமந்து செல்கிறது. எங்கள் பகுதியிலும் அதற்கு முந்தின ஆண்டு மழை பொய்க்கவில்லை. அழைத்தவர் நின்றுகொண்டிருந்த இடத்தில் புல் முழங்கால் உயரம் இருந்திருக்கும். எங்கள் விதியில் புல்லின் உயரத்துக்கு இடமில்லை. என் பதிலிலும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எனக்காக நான் வாதாடவும் முடியும், பல இரவுகள் வாதாடியும் இருக்கிறேன். வேலைக்கு அனுமதி தருவதோ மறுப்பதோ முன்னறிவிப்பாளரின் பொறுப்பு அல்ல. அதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றுதான் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறார்கள். காரணமும் நியாயமானதே. ஒருவருக்குத் தொலைபேசியில் 'வேண்டாம்' என்று சொன்னால், அதே அறிக்கையைப் படித்துவிட்டு அழைக்காமல் இருந்த நூறு பேருக்கு வேறொரு செய்தியைக் கொடுத்ததாகிவிடும். அதற்கு முந்தின மாதத்தில் ஐந்து நாள் எச்சரிக்கை வெளியிட்டோம். ஐந்து நாளும் எதுவும் எரியவில்லை. வேலை நின்றுபோனவர்கள் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கள் காதுக்கும் வந்தது. அன்று அழைத்தவரின் ஆட்கள் நாள்கூலிக்காரர்கள் என்பதையும் அவர் குரலிலிருந்தே ஊகித்தேன். அவருக்குத் தேவைப்பட்டது வானிலை அல்ல, முடிவின் பாதிச் சுமையை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள். நான் மறுத்தேன். ஆனால் மறுப்பதாகச் சொல்லி மறுக்கவில்லை. 'எச்சரிக்கை இல்லை' என்பதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எச்சரிக்கை இல்லை என்பதும் அபாயம் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று விளக்க இன்னும் இருபது நொடிகள் போதுமாயிருந்திருக்கும்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் தீயில் மாண்ட பிறகு, பழைய அளவுகோலின் உச்சிக்கும் மேலே புதிய படி ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு 2022 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் நான்கே படிகள் என்று சுருக்கி, ஒவ்வொரு படியோடும் மக்கள் செய்ய வேண்டியது என்ன என்பதை ஒரு வரியில் இணைத்தார்கள். உச்சிப் படியின் வரியில் குழப்பமே இல்லை: உயிர் பிழைக்க வேண்டுமானால் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். இரண்டாம் படியின் வரி, செயல்பட ஆயத்தமாக இருங்கள் என்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. அத்தனை பேர் கூடி யோசித்தும், நடுப்படிக்கு என் 'கவனமா இருங்க' என்பதைவிட வெகுதூரம் போக அவர்களாலும் முடியவில்லை. அந்த ஆறுதல் ஒரு நாள்தான் நின்றது, ஏனென்றால் அவர்கள் ஒரு நாட்டுக்கு எழுதினார்கள், நானோ ஒரே ஒரு மனிதரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்பு தீப் பிடித்தது. வேலி வேலை நடந்த இடத்தில் அல்ல. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாலையோரத்தில். இழுவை வண்டி ஒன்றின் பாதுகாப்புச் சங்கிலி தளர்ந்து தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. அதன் பொறி புல்லில் விழுந்தது. புகையை முதலில் பார்த்தவர்கள் வேலிக் குழுவினர்தான். வெல்டிங் செய்வதற்காகக் கொண்டுவந்திருந்த தண்ணீர் வண்டி அவர்களிடம் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அவர்கள் தீயின் இரண்டு பக்கங்களையும் அடக்கிவிட்டு, முன்முனையில் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்களாம். எரிந்தது ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர். காற்று ஒரே ஒரு முறை 43 வரை எகிறி உடனே தணிந்தது. மூன்று மணி நேரம் நீடிக்கவில்லை. ஆகவே எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த நாள், எச்சரிக்கை வெளியிடாதது சரியே என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

மாலையில் அவர் மறுபடியும் அழைத்தார். தொண்டை புகையில் கரகரத்திருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "நல்லவேளை சார், நீங்க வேண்டாம்னு சொல்லல. சொல்லியிருந்தா மதியமே வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்போம்" என்றார். அவர் நன்றி சொல்வதற்குரிய எதையும் நான் செய்திருக்கவில்லை. அவரைத் தடுத்திருந்தால், அந்தக் கணக்கில் நான் செய்தது சரியாக இருந்திருக்கும், நிலமோ எரிந்து போயிருக்கும். தடுக்காததால் நிலம் தப்பியது, ஆனால் அதே பிற்பகலில் அதே புல்லில் அவருடைய வெல்டிங் பொறி விழாமல் போனதற்கும் நான் காரணமல்ல. விழுந்திருந்தால் இதே உரையாடல் வேறொரு குரலில் நடந்திருக்கும், அல்லது நடக்காமலே போயிருக்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. "சரிங்க, பார்த்து இருங்க" என்றேன். காலையில் சொன்ன அதே வார்த்தையைத்தான் வேறு உடையில் சொன்னேன் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

அவர் தண்ணீர் வண்டி வைத்திருந்தார் என்பதை மாலையில்தான் தெரிந்துகொண்டேன் என்பதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. காலையில் கேட்டிருக்கலாம். சுற்றிலும் புல்லைச் செதுக்கி மண்ணை வெளிப்படுத்தியிருக்கிறீர்களா, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, வேலை முடிந்த பிறகு குறைந்தது அரைமணி நேரமாவது ஓர் ஆள் காவலுக்கு நிற்பாரா என்ற மூன்று கேள்விகளும் அனுமதி அல்ல, மறுப்பும் அல்ல. விலகியிருக்க வேண்டும் என்ற விதியை அவை மீறுவதாகவும் தோன்றவில்லை. அவற்றைக் கேட்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வறட்சிக் காலத்தில், அதே ஒற்றை வரி அறிக்கையில் போன ஒரு காலையில், வேறொரு குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார். மூன்றையும் வரிசையாகக் கேட்டேன். மூன்றுக்கும் அவர் மூச்சுவிடாமல் "ஆமாம் சார், ஆமாம் சார்" என்றார். இரண்டாவது கேள்வியை நான் முடிக்கும் முன்பே ஆமாம் வந்துவிட்டது. பிறகு, "அப்ப எச்சரிக்கை ஒண்ணும் இல்லைதானே சார்?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அறிக்கை திரையில் திறந்தே இருந்தது.

"இல்லைங்க" என்றேன்.