கடனோடு வந்த காபித் தோட்டம்: ராணுவப் பணியில் இருந்தபடியே மீட்டது

ஏற்காட்டில் அப்பா விட்டுப்போன காபித் தோட்டம், அடமானத்தோடு. வாரிசுச் சான்றிதழ், 30 வருட வில்லங்கம், பட்டா, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்டால் கிடைத்துவிடும். வில்லங்கத்தில் ஏறாத கடன்தான் ஆளைக் கவிழ்க்கும்: அடுத்த மகசூலைக் காட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், உரக்கடை பாக்கி, கூலி பாக்கி. மேஸ்திரியின் நோட்டை வரிவரியாகப் பார்க்காமல் மொத்தத் தொகையை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அப்பாவின் கடனுக்கு வாரிசு, கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ராணுவத்தில் இருப்பவரின் சம்பளத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவுப்படி ஜப்தி செய்ய முடியாது. ஆனால் 'கணக்கைப் புதுப்பிக்கலாம் சார்' என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சொந்தக் கடன். நான் போடவில்லை, ஒருமுறைத் தீர்வு, அதாவது ஒரு தொகை பேசிக் கடனை முடிப்பது, கேட்டு எழுதினேன். சர்ஃபேசி (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ் வந்தால் கெடு 60 நாள். ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், காபித் தோட்டம் என்றால் வங்கிகள் மல்லுக்கு நிற்கும். ஆட்சேபத்தோடு அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) நகலையும் இணையுங்கள்.

பவர் பத்திரத்தில் வங்கி, வழக்கு, மகசூல் விற்பனை போதும். நிலம் விற்கும் அதிகாரம் தம்பிக்குக்கூட வேண்டாம்.

தோட்டத்தின் நிழல் மரமான சில்வர் ஓக்கை வெட்டி அசலை அடைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்; அதைவிடப் பெரிய தொல்லை, நிழல் போனால் அராபிகா ரகக் காபிச் செடியில் தண்டுதுளைப்பான் வண்டு ஏறும். அடர்ந்த இடத்தில் மட்டும் கழித்து, மிச்ச மரங்களில் மிளகு ஏற்றுவதே கணக்குக்குச் சரி. மிளகு காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்பதால் தீர்வுத் தொகைக்கான தவணையை அதற்கேற்பக் கேளுங்கள்.

லீவை அறுவடைக்கு வைக்காதீர்கள். அறுவடையை எடைச்சீட்டு பார்த்துக்கொள்ளும். செப்டம்பரில் போங்கள், முடிந்தால் மார்ச்சிலும். இலை மஞ்சளித்த செடியின் தண்டைத் தடவினால் பட்டையில் வரப்பு போல மேடு தட்டும், உள்ளே புழு. வேரோடு பிடுங்கி அன்றே எரிக்க வேண்டும். விறகுக்கென்று குவித்து வைத்தால் அக்டோபரில் அதிலிருந்தே வண்டு பறக்கும். இதைக் கூலியாட்களிடம் விட்டால் விறகுதான் ஜெயிக்கும்.

வரிக்கு ஒரு வார்த்தை: பதப்படுத்தாமல் விற்றால் மத்திய வருமான வரி இல்லை, நீங்களே க்யூரிங் (காயவைத்த காபியின் தோல் நீக்கித் தரம் பிரிப்பது) செய்து விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வரிக்கணக்கில் சேரும்.