மூன்று கிளாஸ் உராக்கும் ஒரு பில் காகிதமும்

கோவாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, தாம்பரம் வீட்டு மொட்டை மாடியில் மாமா எங்களுக்கு வகுப்பு எடுத்தார். "பீர் குளிர்ச்சி. பிராந்தி சூடு. ரம் சளிக்கு நல்லது, ஆனா கோவம் வரும். எதை வேணா குடிங்க, கலக்காம குடிங்க." முப்பது வருட அனுபவம் பேசுகிறது என்று நாங்களும் பவ்யமாகத் தலையாட்டினோம்.

போனது மூன்று பேர். நான், மாமாவின் மகன் (எனக்கு மச்சான்), அப்புறம் என் அலுவலக நண்பர் ஒருவர். ஆளுக்கொரு கொள்கை. மச்சான் ரம்மைத் தொடமாட்டான். தொட்டால் கை நீண்டுவிடும் என்று அவனே சொல்வான். சாட்சிக்கு ஒரு கல்யாண வீட்டுக் கதை வேறு உண்டு. நண்பருக்கு வோட்கா மட்டும்தான், அதுவும் டயட் கோலாவோடு. "அது கிளீன் சரக்கு, மறுநாள் தலையே வலிக்காது" என்பார். நான், பீர் குடித்தால் தூக்கம் வரும், விஸ்கி குடித்தால் தத்துவம் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

ஹூப்ளி, லோண்டா தாண்டி மலையிறங்கும்போது தூத்சாகர் அருவி ஏப்ரல் மாத வெயிலில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அருவி பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தில் வர வேண்டும். ஆனால் நாங்கள் வந்தது அருவிக்காக இல்லை. மார்ச் முதல் மே வரைதான் முந்திரிப்பழ சீசன். அந்த மூன்று மாதம்தான் கோவாவில் உராக் என்ற முந்திரிப்பழச் சாராயம் கிடைக்கும்.

கடற்கரைப் பக்கம் போகாமல் பனாஜியில் பஸ் பிடித்து வால்பொய் போனோம். சத்தரி தாலுகா. கடல் வாசனையே இல்லாத, மலையும் முந்திரித் தோப்புமான கோவா அது. சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட பட்டி ஒன்று. பட்டி என்றால் நம் ஆட்டுப் பட்டி இல்லை, சாராயம் காய்ச்சும் கொட்டகை. பக்கத்தில் போகும்போதே பழம் புளிக்கும் வாடை வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். மரம் நமக்கும் இவர்களுக்கும் ஒன்றுதான். பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. இங்கே அந்தப் பழத்துக்குத்தான் மரியாதை. மரத்தில் ஏறிப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்துச் சாறு எடுத்து, மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை, சர்க்கரை போடுவதில்லை, தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. செம்புப் பானையில் ஒருமுறை காய்ச்சி இறக்கினால் உராக், ஏறக்குறைய 15 சதவீதம். அதையே புளித்த சாறோடு சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி, 42 சதவீதத்துக்கு மேல். 2009இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு.

மிதித்து முடித்த சக்கையைக் கட்டி மேலே பாறாங்கல்லை ஏற்றிவைத்தால் தெளிவாக ஒரு சாறு சொட்டும். அதற்கு நீரோ என்று பெயர். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அவர் இல்லை. நம் பதநீர் மாதிரி, அன்றன்றைக்கே குடிக்க வேண்டிய பானம். பட்டிக்காரர் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, அவ்வளவுதான். மச்சான் மூன்று டம்ளர் இறக்கினான். அப்புறம் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, "மாப்ள, சும்மா ஜிவ்வுன்னு ஏறுதுடா" என்றான். கண்கூடச் செருக ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பழைய பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்தான். நண்பர் அரைகுறை இந்தியில் பட்டிக்காரரிடம் கேட்டார். காலையில் சொட்டின சாறு, இன்னும் புளிக்கவே இல்லை என்று அவர் சிரித்தார். நாங்கள் மச்சானிடம் சொல்லவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு நேர்ந்தது மறுநாள். மத்தியானம் ஒரு சின்ன தவெர்னாவில், அதாவது உள்ளூர்ச் சாராயக் கடையில், உட்கார்ந்தோம். உராக்கில் லிம்கா ஊற்றி, உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு நிறைய ஐஸோடு தருகிறார்கள். நல்ல வெயில். காலையில் ஒரு டீயும் பன்னும்தான் சாப்பிட்டிருந்தேன். அது சரக்கு மாதிரியே தெரியவில்லை, மாரியம்மன் கோவில் வாசலில் ஊற்றும் பானகம் மாதிரி இறங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கிளாஸ். எழுந்தபோது தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கடைக்காரம்மா சட்டென்று நாற்காலியை என் பின்னால் தள்ளாவிட்டால் மண்டை உடைந்திருக்கும். "உராக் அப்படித்தான், தலைக்கு ஏறாது, காலுக்கு இறங்கும்" என்றார். விஸ்கியில் இப்படி ஆனதே இல்லை, இது ஏதோ விசேஷ சரக்கு என்று அறைக்குத் திரும்பும்வரை நானும் புலம்பிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் தெளிந்த பிறகு, தவெர்னாவில் கொடுத்த பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிளாஸில் உராக் சுமார் 150 மில்லி. மூன்று கிளாஸ் 450. அதில் 15 சதவீதம் என்றால் 67.5 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். அந்தக் கணக்கில் நான் குடித்தது 158 மில்லி பிராந்தி. குவார்ட்டருக்கு 22 மில்லிதான் குறைச்சல்! வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தியை யாராவது என் முன்னால் குடித்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன்.

இந்தக் கணக்கைப் பீரிலும் போட்டுப் பாருங்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம். உள்ளே இருப்பது 52 மில்லி ஆல்கஹால். ஒரு கட்டிங்கில், அதாவது 90 மில்லி பிராந்தியில், இருப்பது 38.5 மில்லி. "பீர்தானே" என்று ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறவர், கட்டிங் அடித்தவரைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார். மாமாவின் குளிர்ச்சி, சூடு இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே எத்தனால். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. சரக்கு எதுவானாலும் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் அது கரைக்கும். என் மூன்று கிளாஸில் இருந்தது 53 கிராம்.

அப்படியானால் ஒவ்வொன்றும் ஏன் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது? இரவு அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். முதல் காரணம் வேகம். ஆல்கஹால் சுறுசுறுப்பாக ரத்தத்தில் ஏறுவது வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகுதான். சாப்பிட்டிருந்தால் வயிறு அதைப் பிடித்துவைக்கும், வெறும் வயிறு உடனே தள்ளிவிடும். கேஸ் உள்ள பானத்தில் கலந்தால் பலருக்குச் சீக்கிரம் ஏறும். அந்த லிம்கா சும்மா ருசிக்கு மட்டும் வேலை செய்யவில்லை. நண்பரின் டயட் கோலாவும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் எட்டு ஆண்களை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். வோட்காவைச் சர்க்கரை உள்ள பானத்தில் கலந்தபோது வயிற்றில் பாதி காலியாக 36 நிமிடம் ஆனது, சர்க்கரை இல்லாத பானத்தில் 21 நிமிடம்தான். சர்க்கரையையும் வயிறு சாப்பாடாக மதித்து நிறுத்திவைக்கிறது. இதைச் சொன்னதும் நண்பர் கையிலிருந்த கோலா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமாவின் 'பிராந்தி சூடு' முழுப் பொய்யும் இல்லை. மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு முனைகளைத்தான் ஆல்கஹாலும் சீண்டுகிறது, அதனால் தொண்டை எரிகிறது. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் உடம்பு கதகதக்கிறது. உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். பீரிலும் இதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதே, அதற்குச் சூட்டுப் பட்டம் யார் கொடுப்பார்கள்?

ஆளுக்கு ஆள் உடம்பு மாறுவது வேறு கதை. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பொதுவாகப் பெண்ணுக்குத்தான் ரத்தத்தில் அதிகம் ஏறும்; உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு. சீனா, ஜப்பான், கொரியாக்காரர்களில் நிறையப் பேருக்கு ஆல்கஹால் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடைக் கரைக்கும் நொதி சரியாக வேலை செய்யாது. ஒரே கிளாஸில் முகம் சிவந்துவிடும். ஆனால் இது குடிக்கிறவர் உடம்பைப் பொறுத்த விஷயம், பாட்டிலைப் பொறுத்தது இல்லை.

ரம் கோபம் என்னவாகிறது? 2017இல் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு முடிவு வெளியானது. 21 நாடுகளில், 18 முதல் 34 வயது வரையுள்ள கிட்டத்தட்ட 30,000 பேர் பதில் சொன்னார்கள். ரம், விஸ்கி, வோட்கா போன்ற காய்ச்சி வடித்த சரக்கு குடித்தால் ஆக்ரோஷம் வருகிறது என்று சுமார் 30 சதவீதம் பேர் சொன்னார்கள். ரெட் ஒயினுக்கு அப்படிச் சொன்னவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. பாதிப் பேருக்கு மேல் அதில் நிதானம் வருகிறது என்றார்கள். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னேன்ல?"

நான் அப்படிப் படிக்கவில்லை. ஒயினை மேஜையில் உட்கார்ந்து, சாப்பாட்டோடு, மெதுவாகக் குடிக்கிறார்கள். ரம்மை ராத்திரி பதினோரு மணிக்கு, நின்றபடி, கடகடவென்று. மச்சானின் கல்யாண வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில் மரியாதை குறைந்துவிட்டது என்று காலையிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தவன். சாப்பிடவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், சேர்க்கக் கூடாத சேர்க்கையோடு, தண்ணீர் சரியாகக் கலக்காமல் முக்கால் பாட்டில். போதை கவனத்தைச் சுருக்கிவிடும். கண்ணெதிரே இருப்பது மட்டும்தான் பெரிதாகத் தெரியும். கண்ணெதிரே இருந்தவர் பெண்ணின் சித்தப்பா. அன்றைக்கு மண்டபத்தில் பனங்கள் ஊற்றியிருந்தாலும் அடி விழுந்திருக்கும்.

மீதியை நம்பிக்கை செய்துவிடுகிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சிலருக்கு டானிக் தண்ணீரை (மருந்து இல்லை, கசப்பான சோடா) கொடுத்து வோட்கா கலந்தது என்றார்கள். சிலருக்கு வோட்கா கலந்ததைக் கொடுத்து வெறும் டானிக் என்றார்கள். ருசி பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிய அளவு குடியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வோட்கா என்று நம்பியவர்கள்தான் அதிகம் குடித்தார்கள். உள்ளே வோட்கா இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பலகாலக் குடிகாரர்களிடமும் இதேதான் நடந்தது.

இதைச் சொன்னபோதுதான் நண்பர் வாயடக்க முடியாமல் நீரோ ரகசியத்தை உடைத்துவிட்டார். மச்சான் நம்பவில்லை. "இல்லடா, எனக்கு நல்லா ஏறிச்சு" என்றான். ஏறியிருக்கும். அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

நண்பரின் 'கிளீன் சரக்கு' கட்சிக்கு ஒரு ஓட்டு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சரக்குக்கு நிறமும் மணமும் கொடுக்கும் உதிரிப் பொருட்கள் மறுநாள் தலைவலியைக் கூட்டும். வோட்காவையும் அமெரிக்க போர்பன் விஸ்கியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வில், போர்பன் குடித்தவர்கள்தான் காலையில் அதிகம் அவதிப்பட்டார்கள். ஆனால் கவனமும் வேகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்திருந்தன. இந்த ஊர்க்காரர்கள் நல்ல ஃபெனிக்கு ஹேங்ஓவரே கிடையாது என்று சத்தியம் செய்கிறார்கள். மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் பரவுகிற அந்த மணத்தை முகர்ந்த பிறகு, எனக்கு அந்தச் சத்தியத்தில் நம்பிக்கையில்லை.

'கலக்காதே' என்ற மாமாவின் கட்டளையையும் ஜெர்மனியில் 90 பேரை வைத்துச் சோதித்துவிட்டார்கள். பீர் முதலில், ஒயின் முதலில், ஒன்றை மட்டும் என்று எல்லா விதமாகவும் கொடுத்துப் பார்த்ததில் மறுநாள் அவஸ்தையில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது, எவ்வளவு போதை ஏறியது, வாந்தி எடுத்தார்களா என்பதில்தான். நம் ஊரில் கலக்கிறவர்கள் பொதுவாக முதல் பாட்டில் தீர்ந்து, போதவில்லை என்று அடுத்ததற்குப் போகிறவர்கள். பழி கலவைமேல் விழுகிறது.

கடைசி நாள் அதே தவெர்னாவுக்குப் போய், சோரிஸ் பாவ் (கோவாவின் பன்றிக்கறி சாசேஜ் வைத்த பன்) இரண்டு சாப்பிட்டுவிட்டு, ஒரே ஒரு கிளாஸ் உராக்கை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். லிம்கா இல்லாமல், தண்ணீரும் எலுமிச்சம்பழமும் மட்டும். கால் என்னோடுதான் இருந்தது. கடைக்காரம்மா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியைப் பக்கத்திலேயே போட்டுவைத்திருந்தார்.

திரும்பி வந்ததும் மாடியில் மறுபடி கூட்டம். பில் காகிதத்தை விரித்துவைத்து முழுக் கணக்கையும் மாமாவுக்குச் சொன்னேன். 67.5 மில்லி, 53 கிராம், அடிலெய்டு, ஜெர்மனி, எதையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் சரிடா. அந்த உராக்கு சூடா, குளிர்ச்சியா?"

மச்சான் ஒரு நிமிஷம் யோசித்தான். "ஐஸ் போட்டா குளிர்ச்சிப்பா."

மாமா திருப்தியாகத் தலையாட்டினார்.