வெள்ளிக்கிழமைக் கஞ்சி

"அக்கா, இது உங்கட அம்மாவுக்கு. இறைச்சி போடல்ல, இண்டைக்கு வெள்ளிதானே."

நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டு தூக்குச்சட்டிகளோடு வாசலில் நின்றாள். ஒன்றின் பிடியில் வெள்ளை நூல் கட்டியிருந்தாள், மாறிவிடக் கூடாதாம்.

பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளை, அம்மாவின் வெள்ளிக்கிழமையை நினைவில் வைத்து, வேறாகக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அந்த நாட்களில், இந்தக் குடும்பத்தையும் எங்கள் தெருவே சந்தேகத்தோடுதான் பார்த்தது. நானும் சில நாள் பேசாமல் இருந்தேன், இன்றும் அது உறுத்துகிறது. குண்டுதாரிகளின் உடல்களைப் பள்ளிவாசல் மையவாடிகளில் அடக்க விடமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்போதே சொன்னது, எத்தனை பேர் காதில் விழுந்தது?

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை", குர்ஆன் 2:256. இவளின் வாப்பாதான் ஒருநாள் எனக்குச் சொல்லித் தந்தார்.

அம்மா இரண்டு தரம் வாங்கிக் குடித்தா. சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று, பேரீச்சம்பழம் வாங்க என்னைக் கடைக்கு அனுப்பியிருக்கிறா.